‘நம்ம வீட்ல அப்படி இருந்தா என்னம்மா செய்வீங்க?’

கேள்வி: எனக்கு 46 வயது. கோவை மாவட்டம். கணவர் லேத் பட்டறை வைத்திருக்கிறார். ஒரே மகன், 19 வயது, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். சில வாரங்களுக்கு முன் இரவுச் சாப்பாட்டின்போது கணவரின் போனில் ஒரு வீடியோ ஓடியது. முன்னாள் கிரிக்கெட் வீரர் சஞ்சய் பங்கரின் பிள்ளை பெண்ணாக மாறியதைப் பற்றியது. கணவர் ‘ஒம்போது’ என்று சொல்லிச் சிரித்தார். ‘பெத்தவன் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெப்பான்’ என்றார். மகன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போய்விட்டான். மறுநாள் நான் தனியாக இருந்தபோது வந்து, ‘நம்ம வீட்ல அப்படி இருந்தா என்னம்மா செய்வீங்க?’ என்று கேட்டான். எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. ‘போய்ப் படி சாமி’ என்று அனுப்பிவிட்டேன். அதன்பிறகு அவன் எதுவும் கேட்கவில்லை. பேச்சே குறைந்துவிட்டது. பிரபலங்கள் இப்படி வெளியே சொல்லச் சொல்ல மக்கள் மனம் மாறிவிடும் என்று ஓரிடத்தில் படித்தேன். உண்மையா? என் கணவர் மாறுவாரா? அதுவரை காத்திருப்பதா, இப்போதே அவரிடம் சொல்லிவிடுவதா? அவர் கெட்டவர் இல்லை. சிறு வயதில் திக்கிப் பேசுவாராம். ஊரே கேலி செய்ததை அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார்.
— பெயர் வேண்டாம்

அன்புள்ள சகோதரிக்கு,

அவசரமான ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். கணவரிடம் இப்போது எதுவும் சொல்ல வேண்டாம். உங்கள் பிள்ளை உங்களிடம் தன்னைப் பற்றி எதையும் சொல்லவில்லை. ஒரு கேள்வி கேட்டிருக்கிறது, அவ்வளவுதான். அது தன்னைப் பற்றியதாக இருக்கலாம், உயிர் நண்பர் ஒருவரைப் பற்றியதாக இருக்கலாம், அப்பாவின் சிரிப்பு பிடிக்காமல் கேட்டதாகவும் இருக்கலாம். நம் ஊகத்தை வைத்துக்கொண்டு அப்பாவிடம் போனால், அது இரண்டே நாளில் பெரியப்பா, மாமா என்று சொந்தம் முழுக்கப் போய்ச் சேர்ந்துவிடும். அதற்குப் பிறகு நடப்பவற்றை என் ஆலோசனை அறையில் பல முறை கேட்டிருக்கிறேன். போனைப் பிடுங்குவார்கள், கல்லூரியை நிறுத்துவார்கள், மந்திரித்துக் கயிறு கட்டுவார்கள், ‘சரி பண்ணித் தருகிறேன்’ என்று சொல்லும் யாரிடமாவது அழைத்துப் போவார்கள். அப்படிச் ‘சரி பண்ணுவதை’ சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூனில் தடை செய்தது. 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது. அதன் பிறகும் அது நடந்துகொண்டுதான் இருக்கிறது. சொல்வதா, யாரிடம், எப்போது சொல்வது என்பதெல்லாம் உங்கள் பிள்ளையின் உரிமை.

கவனித்திருப்பீர்கள், நான் மகன் என்றோ மகள் என்றோ எழுதவில்லை. ‘பிள்ளை’ என்று ஒரு அருமையான சொல் நம்மிடம் இருக்கிறது. நீங்களும் ‘சாமி’ என்றுதான் கூப்பிடுகிறீர்கள். இப்போதைக்கு அது போதும்.

இனி, பிரபலங்கள் வெளியே சொன்னால் மக்கள் மனம் மாறுமா என்ற கேள்வி. ‘மாறும்’ என்று ஒரே சொல்லில் எழுதினால் உங்களுக்கு இன்றிரவு தூக்கம் வரும் என்று தெரியும். ஆனால் நடந்த கதை அவ்வளவு நேராக இல்லை.

இதில் உலகம் அதிகம் பார்த்த நிகழ்வு 2015-ல் அமெரிக்காவில் நடந்தது. கேட்லின் ஜென்னர் 1976 மான்ட்ரியால் ஒலிம்பிக்கில் ஆண்கள் டெகாத்லானில் (பத்துத் தடகளப் போட்டிகள் சேர்ந்தது) தங்கம் வென்றவர். அந்த நாட்டில் ஆண்மைக்கே அடையாளமாகக் காட்டப்பட்ட விளையாட்டு வீரர். தன் 65-வது வயதில், 2015 ஏப்ரல் 24 அன்று ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில், தான் உள்ளுக்குள் பெண் என்று சொன்னார். சுமார் 1 கோடியே 70 லட்சம் பேர் அதைப் பார்த்தார்கள். ஜூன் முதல் தேதி ‘வேனிட்டி ஃபேர்’ பத்திரிகையின் அட்டைப்படத்தில் புதிய பெயரோடு வந்தார். அன்றே நான்கு மணி நேரத்துக்குள் ட்விட்டரில் 10 லட்சம் பேர் அவரைப் பின்தொடர்ந்தார்கள். நாட்டின் அதிபரே பாராட்டினார். ஒரு சமூகத்தின் மனம் ஒரே நாளில் மாறிவிட்டது என்றுதான் அன்று யாருக்கும் தோன்றியிருக்கும்.

ஐந்து மாதம் கழித்து, நவம்பர் 3 அன்று, அதே நாட்டின் பெரிய நகரங்களில் ஒன்றான ஹூஸ்டனில் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. இனம், மதம், வயது, ஊனம், பாலின அடையாளம் என எதை வைத்தும் பாகுபாடு காட்டக் கூடாது என்ற நகராட்சி விதி வேண்டுமா, வேண்டாமா என்று மக்களிடம் கேட்டார்கள். எதிர்த்தவர்கள் ‘பெண்கள் கழிப்பறைக்குள் ஆண்கள் வேண்டாம்’ என்ற ஒரே ஒரு வாக்கியத்தை ஊர் முழுக்க ஒட்டினார்கள். சுமார் 61 சதவீதம் பேர் ‘வேண்டாம்’ என்று வாக்களிக்க, அந்த விதி தோற்றது. அட்டைப்படத்தைப் பார்த்துக் கை தட்டியவர்களும் அந்த ஊரில் இருந்திருப்பார்கள். தூரத்தில் இருக்கும் ஒருவரைப் பாராட்டுவதற்கு எந்தச் செலவும் இல்லை. பக்கத்தில் வந்து நிற்பவர் என்றதும் உள்ளே கிடக்கும் பயம் பேசத் தொடங்கிவிடுகிறது.

அங்கே பியூ ஆய்வு மையம் பல ஆண்டுகளாக ஒரு கேள்வியைக் கேட்டு வருகிறது: ஒருவர் ஆணா பெண்ணா என்பது பிறப்பிலேயே முடிவாகிவிடுகிறதா? ‘ஆம்’ என்றவர்கள் 2017-ல் 54 சதவீதம், 2021-ல் 56, 2022-ல் 60. இதே காலத்தில் எத்தனையோ பிரபலங்கள் வெளியே சொல்லியிருந்தார்கள். திருநர் (திருநங்கை, திருநம்பி போன்றோருக்கான பொதுச்சொல்) ஒருவரையாவது தனக்கு நேரடியாகத் தெரியும் என்றவர்களும் 2022-ல் 44 சதவீதம் பேர் இருந்தார்கள். அறிமுகம் கூடியும் அந்த எண் இறங்கவில்லை. இந்த விஷயம் அங்கே கட்சிச் சண்டையாகிவிட்டது ஒரு முக்கியக் காரணம் என்பது என் கணிப்பு. ஒரு மனிதரின் வாழ்க்கை ‘அவங்க பக்கமா, நம்ம பக்கமா’ என்ற கேள்வியாக மாறிவிட்டால், அந்த மனிதரை யாரும் பார்ப்பதில்லை. ஜென்னரும் ஒரு கட்சிக்காரர்தான். திருநர் மாணவிகள் பள்ளியில் பெண்கள் அணியில் விளையாடக் கூடாது என்று 2021-ல் அவரே சொன்னபோது, திருநர்களில் பலர் மனம் நொந்துபோனார்கள். ஒரு பிரபலத்தின் தோளில் ஒரு சமூகத்தையே ஏற்றி வைத்தால் இப்படித்தான் ஆகும். அவருடைய பணம், அவருடைய அரசியல், அவர் பேசும் ஒவ்வொரு வார்த்தை எல்லாம் மற்றவர்கள் கணக்கிலும் எழுதப்படும்.

அப்படியானால் பயனே இல்லையா? இருக்கிறது, பெரிய பயன். ஆனால் அதை அனுபவிப்பவர்கள் பெரும்பாலும் உங்கள் கணவர் வயதுக்காரர்கள் அல்ல. பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு போன் பார்க்கும் பிள்ளைகள். தனக்குள் இருப்பதற்கு ஒரு பெயர் உண்டு, அதோடு வாழ்கிறவர்கள் உண்டு என்பதை அவர்கள் முதன்முதலில் அங்கேதான் பார்க்கிறார்கள். கனடா நடிகர் எலியட் பேஜ் 2020 டிசம்பர் முதல் தேதி தன்னைத் திருநம்பி என்று, அதாவது பெண்ணாக வளர்க்கப்பட்டாலும் தான் ஆண் என்று, அறிவித்தார். அறிவித்த பிறகும், அதுவரை நடித்துவந்த தொலைக்காட்சித் தொடரில் தொடர்ந்து நடித்தார். 2022-ல் வந்த அடுத்த பருவத்தில் அவருடைய கதாபாத்திரமும் ஆணாக மாறியது. சொன்ன பிறகும் வேலை இருக்கிறது, சம்பளம் இருக்கிறது, கூட நடிப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு 19 வயதுப் பிள்ளைக்கு இந்தத் தகவல் எவ்வளவு பெரியது என்று யோசித்துப் பாருங்கள்.

நம் ஊரிலும் இது நடந்திருக்கிறது, வேறு வழியில். உங்கள் கணவர் சொன்ன அந்த எண் அவர் கண்டுபிடித்தது இல்லை. அவர் பள்ளிக்கூடம் போன காலத்தில் ஊரில் புழங்கிய சொற்கள் அவைதான். ‘திருநங்கை’ என்ற மரியாதையான சொல் அரசாணைகளிலும் செய்தித்தாள்களிலும் நிலைபெற்றதும், 2008 ஏப்ரல் 15 அன்று தமிழ்நாட்டில் திருநங்கைகள் நல வாரியம் அமைந்ததும் அவர் வளர்ந்து ஆளான பிறகு. அதே 2008-ல் விஜய் டிவியில் ரோஸ் ஒரு பேச்சு நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கினார். அதில் எனக்குப் பிடித்தது, கேள்வி கேட்கும் நாற்காலியில் ஒரு திருநங்கை இருந்தார், பதில் சொல்லும் இடத்தில் நாமெல்லாம் இருந்தோம். மதுரையில் பிறந்த நர்த்தகி நடராஜைப் பாருங்கள். தஞ்சாவூர் கிட்டப்பா பிள்ளையிடம் வருடக்கணக்காக இருந்து பரதம் கற்றவர். 2019-ல் பத்மஸ்ரீ பெற்றார், அந்த விருதைப் பெற்ற முதல் திருநங்கை அவர். 2021-ல் மாநில வளர்ச்சிக் கொள்கைக் குழுவில் உறுப்பினரானார். ஒரு நாள் பரபரப்புச் செய்தியாக வந்தவர் இல்லை. பல பத்து ஆண்டுகள் சலங்கை கட்டி ஆடி, ஆட்டத்தைப் பார்க்க வந்த கூட்டத்தைத் தன் பக்கம் இழுத்தவர். மனதை மாற்றும் வலிமை இந்த மாதிரி நீண்ட பழக்கத்துக்கு அதிகம் என்று நம்புகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் என்னிடம் வந்தார். மூத்த பிள்ளை, தான் பெண் என்று சொல்லிவிட்டு வீட்டை விட்டுப் போயிருந்தது. நான் இதே போலப் பெரிய பெயர்களை எல்லாம் அடுக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, ‘அவங்கெல்லாம் பெரிய இடம்ங்க மேடம். எனக்கு நாளைக்குக் காலைல டீக்கடைக்குப் போகணும்’ என்றார். அன்று நான் கற்றுக்கொண்டது நிறைய. பெரிய இடத்து விஷயம் என்று ஒதுக்கிவைக்க நம் மக்களுக்கு ஒரு நொடி போதும். இரண்டு வருடம் கழித்து அவருக்குக் கண் ஆபரேஷன் ஆனபோது, நாளுக்கு நான்கு வேளை சொட்டு மருந்து விட ஆள் வேண்டியிருந்தது. தினமும் வந்து மருந்து விட்டது அந்தப் பிள்ளைதான். ஒரு மாதம் கழித்து அவர் என்னிடம் பேசியபோது ‘பெரிய பொண்ணு’ என்றார். அவரை மாற்றியது எந்த வீடியோவும் இல்லை. (தன் கதையை எழுதலாம் என்று அவரே சொன்னதால் எழுதுகிறேன்.)

படித்தவர்களும் இதற்கு விலக்கில்லை. நான் மேலே சொன்ன 2021 தீர்ப்பை எழுதிய நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கு இந்த விஷயத்தில் போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். ஒரு மனநல நிபுணரிடம் அமர்ந்து கேட்டார். பால்புதுமையரையும் (தன்பாலின ஈர்ப்பு உள்ளவர்கள் போன்றோர்) திருநரையும் நேரில் சந்தித்துப் பேசினார். பிறகுதான் தீர்ப்பு எழுதினார். உயர் நீதிமன்ற நீதிபதிக்கே உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது. லேத் பட்டறைக்காரர் ஒரு வீடியோவில் மாறிவிடுவார் என்று எப்படி எதிர்பார்க்க முடியும்?

மாறுவாரா என்று கேட்டீர்கள். மாற வாய்ப்பு இருக்கிறது. அதற்கான சாவியை உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளில் நீங்களே வைத்திருக்கிறீர்கள்.

2016-ல் ‘சயின்ஸ்’ இதழில் இரண்டு ஆய்வாளர்கள் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். மியாமி பகுதியில் 501 வாக்காளர்களை எடுத்துக்கொண்டார்கள். பயிற்சி பெற்றவர்கள் வீட்டுக் கதவைத் தட்டி, சுமார் 10 நிமிடம் பேசினார்கள். பிரசங்கம் இல்லை. ‘நீங்கள் மற்றவர்களிலிருந்து வேறுபட்டு இருந்ததால் யாராவது உங்களைத் தப்பாக நடத்தியது உண்டா?’ என்று கேட்டு, சொல்ல விட்டார்கள். அந்த நினைவிலிருந்து திருநர்கள் படும் பாட்டுக்கு அவர்களையே வந்து சேர விட்டார்கள். வெறுப்பு குறைந்தது. மூன்று மாதம் கழித்து மறுபடி கேட்டபோதும் குறைந்தே இருந்தது. பேசப் போனவர் திருநராக இருந்தாலும் இல்லாவிட்டாலும் பலன் கிடைத்தது.

உங்கள் கணவருக்கு அப்படி ஒரு நினைவு இருக்கிறது. திக்கிப் பேசியதற்காக ஊர் சிரித்தது. அன்று சிரித்தவர்கள் எல்லாரும் கெட்டவர்களா? இல்லை, அவரைப் போல நல்லவர்களும்தான். ஒரு நல்ல நேரம் பாருங்கள். பட்டறை விடுமுறை நாள், சாப்பிட்டு முடித்த மதியம். ‘ஏனுங்க, பள்ளிக்கூடத்துல உங்க பேச்ச வெச்சுச் சிரிப்பாங்கன்னு சொன்னீங்களே, அப்ப வீட்டுக்கு வந்து யாருகிட்டச் சொல்லுவீங்க?’ என்று கேளுங்கள். கேட்டுவிட்டு அவரைப் பேச விடுங்கள். அன்றைக்கு அவ்வளவே போதும். அனாயா (அந்த வீடியோவில் வந்த பங்கரின் மகள்), திருநங்கை என்ற பேச்சையெல்லாம் அன்றே இதோடு கோர்க்க வேண்டாம். இன்னொரு நாள் அதே மாதிரி ஒரு வீடியோ வரும், வராமல் இருக்காது. அப்போது ‘அந்தப் பிள்ளையப் பார்த்தா எனக்கு உங்க பள்ளிக்கூடக் கதைதான் ஞாபகம் வருது’ என்று ஒரு வரி. உங்கள் வீட்டுப் பிள்ளையின் பெயர் இந்தப் பேச்சில் எங்கும் வரக் கூடாது.

கிரிக்கெட் பார்க்கிறவர் என்பதால் பேச்சு நேராக ‘அவங்க பொம்பளைங்க டீம்ல ஆடலாமா’ என்று போகும். அனாயா பங்கர் தன் மாற்றத்தைச் சமூக ஊடகத்தில் சொன்னது 2024 நவம்பரில். அதற்கு ஒரு வருடம் முன்பே, 2023 நவம்பரில், ஆண் பருவ வளர்ச்சி அடைந்த திருநங்கைகள் சர்வதேசப் பெண்கள் கிரிக்கெட்டில் ஆட முடியாது என்று ஐ.சி.சி. விதி செய்துவிட்டது. அதனால் அந்தப் பெண்ணைப் பற்றிய பேச்சில் பாதி, அணியில் இடம் உண்டா இல்லையா என்பதாகவே ஆகிவிட்டது. அந்தச் சண்டைக்குள் நீங்கள் இறங்க வேண்டாம். அது வேறு கேள்வி. அமெரிக்காவில் 2025-ல் கேட்டபோது, விளையாட்டில் பிறப்புப் பாலினப்படிதான் அணி என்றவர்கள் 66 சதவீதம். வேலை, வீடு, பொது இடங்களில் திருநர்களுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்றவர்கள் 56 சதவீதம். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தால் நூறைத் தாண்டுகிறது, கவனியுங்கள். இரண்டுக்கும் சரி என்றவர்களும் இருக்கிறார்கள் என்று அர்த்தம். உங்கள் கணவர் கிரிக்கெட் விஷயத்தில் கறாராக இருந்துகொண்டே தன் பிள்ளைக்கு நல்ல அப்பாவாக இருக்க முடியும்.

‘இதெல்லாம் போன் பார்த்துக் கெட்டுப்போனது’ என்றும் ஒரு நாள் சொல்வார். மாதவி ஆடிய பதினோரு ஆடல்களில், ஆண், பெண் தன்மைகள் கலந்த கோலத்தில் ஆடும் ‘பேடு’ ஒன்று என்கிறது சிலப்பதிகாரம். கூவாகத்தில் சித்திரை தோறும் கூடும் திருநங்கைகள் போன் வருவதற்கு முன்பும் கூடினார்கள். உலக சுகாதார நிறுவனமும் தன் நோய்ப் பட்டியலின் புதிய பதிப்பில், 2022 ஜனவரியிலிருந்து, இதை மனநோய்களின் பிரிவிலிருந்து எடுத்துவிட்டது. இவற்றை அவருடன் வாதாடுவதற்காகச் சொல்லவில்லை. உங்கள் மனதில் அந்தச் சந்தேகம் எழும்போது துணைக்கு இருக்கட்டும்.

பிரபலங்களின் படங்கள் உங்கள் பிள்ளைக்கும் ஒரு சுமையைத் தரக்கூடும். வெளிநாட்டு வாழ்க்கை, விலை உயர்ந்த சிகிச்சை, அழகான புகைப்படங்கள். ‘இதற்கெல்லாம் நான் எங்கே போவேன்’ என்ற மலைப்பு வரும். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் இதற்கான சிகிச்சை கட்டணமில்லாமல் கிடைக்கிறது. எல்லாத் திருநர்களும் அறுவை சிகிச்சை செய்துகொள்வதும் இல்லை. இதெல்லாம் பிள்ளை பேச முன்வந்தால் மட்டும், மெதுவாக, நாளாவட்டத்தில் பேச வேண்டியவை. இன்னும் எதுவுமே சொல்லாத பிள்ளையிடம் நாம் சிகிச்சை வரை ஓடிவிடக் கூடாது.

இப்போது அந்தச் சாப்பாட்டு நேரத்துக்கு வருகிறேன். அன்று உங்கள் பிள்ளையின் கண் போன் மேல் இருந்திருக்காது. அப்பாவின் முகத்திலும் உங்கள் முகத்திலும் இருந்திருக்கும். பிரபலம் ஒருவர் வெளியே சொல்லும்போதெல்லாம் ஆயிரக்கணக்கான வீடுகளில் இந்தச் சோதனை நடக்கிறது. யாரோ ஒருவரைப் பற்றி நாம் சாதாரணமாகப் பேசுகிறோம், தன்னைப் பற்றிய பதிலாக அதை ஒரு பிள்ளை எடுத்துக்கொள்கிறது. அப்பாவின் பதில் கிடைத்துவிட்டது. உங்கள் பதில் என்ன என்று தெரியாமல்தான் மறுநாள் தனியாக வந்து கேட்டிருக்கிறது. உங்களிடம் இன்னும் நம்பிக்கை இருந்ததால் கேட்டது. ‘போய்ப் படி சாமி’ என்றதற்காக உங்களை நீங்களே குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டாம். பயத்தில் வந்த வார்த்தை அது, அதைத் திருத்த இன்னும் நேரம் இருக்கிறது. ஆனால் கணவர் மாறும்வரை காத்திருக்கக் கூடாத விஷயம் இது ஒன்றுதான்.

இந்த வாரமே செய்யுங்கள். எதிரே உட்கார வைத்து, முகத்தைப் பார்த்துப் பேச வேண்டியதில்லை. துணி மடிக்கும்போதோ வண்டியில் பின்னால் உட்கார்ந்து போகும்போதோ சொல்லுங்கள். ‘அன்னைக்கு நீ ஒண்ணு கேட்ட. எனக்குப் பதில் சொல்லத் தெரியல, பயந்துட்டேன். இப்பச் சொல்றேன் சாமி. நம்ம வீட்ல அப்படி ஒரு பிள்ளை இருந்தா, அது நம்ம வீட்லயேதான் இருக்கும். எனக்குப் புரியாதது நிறைய இருக்கும், நான் கத்துக்குவேன். அப்பா அன்னைக்குச் சொன்ன வார்த்தை தப்பு.’ உங்கள் சொந்த வார்த்தையில் சொன்னால் இன்னும் நல்லது. ‘நீ அப்படியா?’ என்று மட்டும் கேட்காதீர்கள். பிள்ளை ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனாலும் பின்னாலேயே போக வேண்டாம்.

சாப்பாடு, தூக்கம், கல்லூரி மூன்றையும் கவனித்துக்கொண்டிருங்கள். அறையை விட்டு வராமல் இருப்பது, வாழ்ந்து என்ன என்பது போலப் பேசுவது, கையில் காயங்கள், இவற்றில் எதைக் கண்டாலும் தாமதிக்காமல் 14416-ஐ அழையுங்கள். அது அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண். எந்நேரமும், தமிழிலேயே, கட்டணமில்லாமல் பேசலாம். உங்களுக்கே பாரம் தாங்க முடியாத இரவிலும் நீங்கள் அழைக்கலாம்.

பிள்ளையிடம் பேசிய பிறகு என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள். கணவரிடம் அந்தப் பள்ளிக்கூடக் கதையைக் கேட்ட பிறகு இன்னொரு கடிதம் எழுதுங்கள். அவர் என்ன சொன்னார் என்று தெரிந்தால், அடுத்து என்ன செய்வது என்று சேர்ந்து யோசிக்கலாம்.

அன்புடன்,
உங்கள் மனநல ஆலோசகர்